எண்ணெய் நாட்டில் ஒரு பால்வெட்டு

மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்த அந்த வேப்பமரத் துண்டு இன்றும் என் கண்முன் நிற்கிறது. தரையைத் தோண்டினால் எண்ணெய் வரும் நாடு. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், எண்ணெயிலிருந்து செயற்கை இறப்பர் செய்கிறவர்களுக்கு மரத்து இறப்பரைப் பற்றி விரிவுரை செய்யப் போயிருந்தேன். பேசி முடித்ததும் துறைத்தலைவர், "ஒருமுறை வெட்டிக் காட்டுங்களேன்" என்றார். இறப்பர் மரம் இல்லாத ஊரில் அந்த வேப்பமரத் துண்டுதான் கிடைத்தது. நான் இலங்கையில், தெஹியோவிட்டப் பக்கத் தோட்டத்தில், இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் பிறந்தவன். பால் வெட்டும் கத்தியைப் பெருமையாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். படிப்பைச் சாக்குச் சொல்லி அதைத் தொடாமலே வளர்ந்த கெட்டிக்காரன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இழுத்தேன். பட்டையை மெல்லச் சீவ வேண்டிய கத்தி கட்டைவரை இறங்கியது.

"ஐயோ, மரத்தக் காயப்படுத்திட்டீங்களே!"

தேநீர்த் தட்டோடு பின்னால் நின்ற, அங்கே வேலை செய்யும் நம்மூர் அக்கா ஒருவரின் குரல். கஹவத்தைத் தோட்டத்தில் பல வருடம் பால் வெட்டியவராம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. தோட்டத்தில் அது பெருங்குற்றம். பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. மண்டபமே திரும்பியது. பணியாளர்களின் மேற்பார்வையாளர் விரைந்து வந்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

என் மானமா, அவருடைய வேலையா? மானமும் கட்டைவரை வெட்டுப்பட்டிருந்ததால் யோசிக்க அதிகம் இருக்கவில்லை. "எனக்கு வெட்டத் தெரியாது. தெரிந்தவர் அவர்தான்" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டுக் கத்தியை நீட்டினேன். தட்டை எங்கே வைப்பதென்று அவர் தவித்தார், நானே வாங்கிக்கொண்டேன்.

இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கியது ஒரே சீவல். நூல்போல் சுருண்டு விழுந்தது பட்டை. துறைத்தலைவர் எழுந்து கைதட்டினார். அவரைப் பார்த்து மேற்பார்வையாளரும் தட்டினார்.

"கத்தி புடிக்காத கணக்கப்பிள்ள வீட்டுப் பிள்ளையா தம்பி?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

"இல்லக்கா, பால் வெட்டுறவங்க வீடுதாங்க."

"வெளிய சொல்லிராதீங்க."

சில வாரம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் இதழ் தபாலில் வந்தது. கத்தியோடு நிற்கும் அக்காவின் படத்துக்குக் கீழே 'இலங்கை இறப்பர் நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் தட்டேந்தி நிற்கும் நான், 'உதவியாளர்'. அக்கா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். திருத்தம் கேட்டு நான் எழுதவில்லை.