ப்ரெஸ் ஷாப்பில் ‘எது கட்டாயம் உண்மை?’

1. பதினேழில் பதினாறு

முதல் தடவை பதினேழு பேர் தேர்வு எழுதினார்கள். பதினாறு பேர் தோற்றார்கள். தேறிய ஒரே ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த விஜயலட்சுமி. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் யோசித்துத் தோற்றார்கள்.

நான் அப்போது ஓசூரில், மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்டில் இருந்தேன். சிஸ்டம்ஸ் என்றால் கம்ப்யூட்டர் அல்ல. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி, எண் போட்டு, ஃபைலில் வைத்து, ஆடிட் வரும்போது அப்படித்தான் செய்கிறோம் என்று காட்டுகிற டிபார்ட்மென்ட். முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட எங்களிடம் ப்ரொசீஜர் இருந்தது. சாவிதான் இருந்ததில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. புதிதாக வந்திருந்த ஜி.எம். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருவார். சீனியாரிட்டி பார்த்து சூப்பர்வைசர் பதவி கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

“எத்தனை வருஷம் வேலை பாத்தான்னு எனக்கு வேண்டாம். ஆளுக்கு யோசிக்கத் தெரியுதா? அதை அளந்து குடுங்க” என்றார்.

அளப்பதற்குப் பெங்களூர் கன்சல்டன்சி ஒன்று இருபது கேள்விகள் அனுப்பியது. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வரிகளில் ஒரு பத்தி. அதன் கீழே, ‘மேற்கண்ட தகவல் உண்மையானால், கீழ்க்கண்டவற்றுள் எது கட்டாயம் உண்மை?’ என்று கேட்டு ஐந்து விடைகள். பன்னிரண்டு எடுத்தால் தேர்ச்சி. தேறியவர்களுக்கு ஜி.எம். அறையில் நேர்காணல். ஆளுக்கு இரண்டே வாய்ப்பு. இதையெல்லாம் ப்ரொசீஜராக எழுதி எண் போட்டவன் நான்.

தோற்ற பதினாறு பேரில் கெம்பண்ணா ஒருவர். தளிக்காரர், வீட்டில் கன்னடம், வயது நாற்பத்து மூன்று. தகட்டை அழுத்திப் பாகங்களாக வெட்டும் ப்ரெஸ் லைனின் சூப்பர்வைசர் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடமாக அந்த லைனை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆனால் பெயர் ‘ஆக்டிங்’. இரண்டாவது தடவையும் தோற்றால், வெளியிலிருந்து வரும் யாரோ ஒருவர் அவர் மேஜையில் உட்காருவார். இவர் திரும்ப மெஷினுக்குப் போக வேண்டும். அவர் வீட்டிலோ, பதவி கிடைத்துவிட்டதாகத் தெரு முழுக்க மைசூர்பாக்கே கொடுத்து முடித்திருந்தார்கள்.

அவர் எடுத்தது மூன்று மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் ஒரே எழுத்தைப் போட்டிருந்தாலும் நான்கு வந்திருக்கும்.

“இது எப்படிய்யா?” என்று ஜி.எம். என்னிடம் கேட்டார். “நீங்களே கிளாஸ் எடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்.”

கிளாஸ் எடுப்பவன் முதலில் எழுதிப் பார்க்க வேண்டாமா? அறையைச் சாத்திக்கொண்டு எழுதினேன். பதினொன்று. அந்தத் தாளை, ரகசிய ஆவணங்களை அழிப்பதற்கான ப்ரொசீஜரின்படி நான்காகக் கிழித்தேன். பிறகு, இரண்டு கேள்விகளுக்கு உங்கள் விடையே தவறு என்று கன்சல்டன்சிக்கு ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதினேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘பத்தியில் உள்ளதை மட்டும் படிக்கவும்.’

2. மேரியின் கடை

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் ட்ரெய்னிங் ஹாலில் கிளாஸ். தேறிவிட்ட விஜயலட்சுமியையும் உட்கார வைத்தேன். வருகைப் பதிவேட்டில் பதினேழு கையெழுத்து இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

முதல் கேள்வி இது. ‘ஆற்றுத் தெருவிலுள்ள எல்லா பேக்கரிகளும் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். மேரியின் கடை செவ்வாய்க்கிழமை திறந்திருந்தது.’ கெம்பண்ணா குறித்திருந்த விடை: ‘மேரியின் கடையில் விற்பனை குறைந்துவிட்டது.’

“இது எங்கிருந்து வந்தது கெம்பண்ணா?”

“ஏன் சார் லீவு நாள்ல கடை தொறக்கறாங்க? மத்த நாள்ல யாவாரம் ஆகல. ஏன் ஆகல? சரக்கு சரியில்ல. ஏன் சரியில்ல? ஓவன்ல டெம்பரேச்சர் தப்பு. ஏன் தப்பு? மீட்டர கேலிபரேஷன் பண்ணல.”

“அதை ஏன் பண்ணல?” என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

“மேரிக்கு ட்ரெய்னிங் குடுக்கல சார்.”

ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்து வருடமாக இவர்களுக்கு ‘ஐந்து ஏன்’ சொல்லிக் கொடுத்தது எங்கள் டிபார்ட்மென்ட். எந்தக் கோளாறு வந்தாலும் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிக்காரணத்தைப் பிடி. பிடிக்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதே. கெம்பண்ணா அதில் மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியவர். மூன்று எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இப்போது தேர்வுத்தாளில் ஒரு பத்தியைப் பார்த்ததும் அதையும் ஒரு கோளாறாக நினைத்துக் காரணம் தேடப் புறப்பட்டுவிட்டார்கள். பத்தி என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் சொல்கிறது என்று பதினாறு பேரும் கேட்டார்கள்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் விஜயலட்சுமி. அவர் பின் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, அந்தப் பொம்பள வச்சிருக்கது பேக்கரின்னு யாரு சொன்னா ஒங்ககிட்ட? அது துணிக்கடையா இருந்துட்டுப் போகுது. பாவம், விட்ருங்க.”

“துணிக்கடையா? அப்ப எதுக்கும்மா பேக்கரியப் பத்தி எழுதணும்?”

“அந்தத் தெரு பேக்கரி எல்லாம் மூடியிருக்கு. இவ கட தொறந்திருக்கு. அப்ப இவ கட அந்தத் தெரு பேக்கரி இல்ல. அம்புட்டுதேன்.”

கெம்பண்ணா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோதானா? இதுக்கு ஒரு மார்க்கா?” என்றார். பதினெட்டு வருட அனுபவத்தை யாரோ அவமானப்படுத்திவிட்டதைப் போல இருந்தது அவர் முகம்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். ‘பத்து வருடத்துக்கு மேற்பட்ட எல்லா இயந்திரங்களும் விற்கப்பட்டன. மூன்றாம் இயந்திரம் விற்கப்படவில்லை.’ எது கட்டாயம் உண்மை? மூன்றாம் இயந்திரத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகவில்லை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“மூணாம் நம்பர் ப்ரெஸ்ஸா சார்?” என்றது ஒரு குரல். “அதுக்கு இருவத்திரெண்டு வயசு.”

“எவன் சார் அத வாங்குவான்?”

“பத்தியே பொய்யி சார்.”

பத்தி பொய் என்று ஹால் ஒருமனதாக முடிவு செய்தது. டீ வந்தது. அன்றைய கிளாஸ் முடிந்தது.

3. பென்சில் கட்டம்

இப்படியே ஐந்து சனிக்கிழமைகள் போயின. பயிற்சித் தேர்வுகளில் கெம்பண்ணா மூன்றிலிருந்து ஆறுக்கு வந்திருந்தார். ஆறு போதாது.

அந்த வாரம், ப்ரெஸ்ஸுக்கு அச்சுகள் செய்யும் டூல் ரூமில் ஒரு கலாட்டா. கஸ்டமருக்குப் போகும் ப்ராக்கெட் ஒன்றின் ஓரம் கையை வெட்டுகிறதே என்று, நல்லெண்ணத்தில், அதன் அச்சான டையில் லேசாகச் சரிவு கொடுத்துவிட்டார்கள். பாகம் முன்பைவிட அழகாக இருந்தது. கஸ்டமர் அனுப்பிய டிராயிங்கில் அந்தச் சரிவு இல்லை. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. டூல் ரூம்காரரைக் கெம்பண்ணா பிடித்துக்கொண்டு கத்தியது ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

“டிராயிங்ல இருக்காய்யா? இல்லல்ல? அப்ப நீ யாரு அத போடறதுக்கு? ஒனக்கு நல்லதுன்னு தோணினா ஒன் வூட்டு கேட்டுல போட்டுக்க!”

அடுத்த சனிக்கிழமை அவர் கொண்டுவந்த தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு பத்தியையும் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார். கட்டத்தின் வலது கீழ் மூலையில், டிராயிங்கில் இருப்பதைப் போலவே, பார்ட் நம்பர், கஸ்டமர் பெயர். மேரியின் கட்டத்தில் கஸ்டமர் பெயர் ‘மேரி’ என்றே இருந்தது.

“இது என்ன?”

“டிராயிங் சார். மேரி அனுப்பினது. இந்தக் கோட்டுக்குள்ள இருந்தா ஓகே. இல்லன்னா ரிஜெக்‌ஷன். மேரி ஏன் இப்படி அனுப்பினான்னு நான் எதுக்குக் கேக்கணும்? என் வேலை இல்ல அது.”

ஐந்து வாரம் நான் பலகையில் எழுதி எழுதிச் சொன்னதை, அவர் டூல் ரூமைத் திட்டிய வேகத்தில் தானே பிடித்துவிட்டார். அன்றைக்குப் பதினைந்து எடுத்தார். ஜூன் மாத மறுதேர்வில் பதினாறு. அன்று தேறிய ஒன்பது பேரில் அவர்தான் முதல்.

ஆனால் மருந்தின் அளவு கூடிவிட்டது. டீ இடைவேளையில் விஜயலட்சுமி கேட்கிறார்: “அண்ணே, டீ ஆறிப்போச்சா?”

“கப்புல ஆவி வரல. அது வரைக்கும்தான் தெரியுது.”

“ஐயோ சாமி! குடிச்சுப் பாருங்கண்ணே!”

“குடிக்கலாம். அது புது தகவல்.”

4. ஜி.எம். அறை

நேர்காணலில் ஜி.எம். கேள்வி கேட்பார், நான் குறிப்பெடுப்பேன். குறிப்பெடுப்பவர் வாய் திறக்கக் கூடாது என்று ப்ரொசீஜரில் ஒரு பிரிவு உண்டு. அதையும் எழுதியவன் நான்தான்.

ஜி.எம். மேஜையில் நான் டைப் செய்து கொடுத்த ஒரு நோட்டீஸ் கையெழுத்துக்குக் காத்திருந்தது. புது கேன்டீன் கான்ட்ராக்டருக்கு. சாப்பாடு சரியில்லாததால் ஆட்கள் வேலைக்கு வருவது குறைந்துவிட்டது, ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸ். ஜி.எம். அதையே கேள்வியாக்கினார்.

“கெம்பண்ணா, ஏப்ரல் கடைசியில கேன்டீன் கான்ட்ராக்டர் மாறினாரு. மே மாசத்துல இருந்து ஆளுங்க லீவு போடறது ஜாஸ்தி ஆயிடுச்சு. இதுல இருந்து என்ன தெரியுது?”

கெம்பண்ணா கண்ணை மூடினார். மனதுக்குள் கட்டம் போடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

“கான்ட்ராக்டர் மாறினாரு சார். அப்புறம் லீவு ஜாஸ்தி ஆச்சு.”

“அது நான் சொன்னது.”

“ஆமாங்க சார். அது வரைக்கும்தான் தெரியுது.”

“சாப்பாடு பிடிக்காமதான் வரலைன்னு தோணலையா?”

“தோணலாம் சார். கட்டாயம் உண்மைன்னு சொல்ல முடியாது.”

“இல்ல, பொதுவா பாத்தா?”

“பொதுவாங்கறது பத்தியில இல்லைங்க சார்.”

சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஜி.எம். பேனாவை எடுத்து மதிப்பீட்டுப் படிவத்தில் ‘சுயமாக யோசிக்கும் திறன் இல்லை’ என்று எழுதினார். என் இருக்கையிலிருந்து தலைகீழாகப் படிக்க முடிந்தது. பத்தியைத் தாண்டாதே என்று இரண்டு மாதம் அடித்துச் சொன்னவன் நான். தாண்டாத குற்றத்துக்காக அவர் மெஷினுக்குத் திரும்பப் போகிறார். பேசலாம் என்றால் பிரிவு இருக்கிறது.

“சரி. நீங்க போலாம்.”

கெம்பண்ணா எழுந்தார். கதவு வரை போனார். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“சார், டெஸ்ட் முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது.”

“அப்ப எனக்குத் தெரிஞ்சத சொல்லலாங்களா?”

ஜி.எம். நிமிர்ந்தார்.

“நம்ம ஷாப்புல வேப்பனப்பள்ளி பக்கத்து ஆளுங்க இருவது பேருக்கு மேல இருக்காங்க சார். மே, ஜூன்ல மாங்கா அறுப்பு. தோப்பு வெச்சிருக்கறவன் அவன் தோப்புக்குப் போவான், இல்லாதவன் மாமன் மச்சான் தோப்புக்குப் போவான். வருசா வருசம் நடக்கறதுதான். ஜூலைல எல்லாம் வந்துருவாங்க. சாப்பாடு... பழைய ஆளு சாம்பாருக்கு இது எவ்வளவோ தேவலைங்க சார்.”

“இதை ஏன்யா அப்பவே சொல்லல?”

“நீங்க குடுத்த தகவல்ல மாங்கா இல்லைங்களே சார்.”

ஜி.எம். என்னைப் பார்த்தார். பேசக் கூடாது என்றுதான் பிரிவு; எழுந்து போகக் கூடாது என்று இல்லை. டைம் ஆபீஸுக்குப் போய் முந்தைய மூன்று வருட வருகைப் பதிவேடுகளை எடுத்து வந்தேன். ஒவ்வொரு மே மாதமும் அதே பள்ளம். ஜி.எம். சேர்ந்தது போன வருடம் ஆகஸ்டில். அவர் பார்த்த முதல் மாங்காய் சீசன் இது. நான் பதினைந்து சீசன் பார்த்தவன். பதிவேடுகளை அடுக்கி எண் போட்டவனும் நானே. நோட்டீஸை டைப் செய்யும்போது ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

ஜி.எம். நோட்டீஸைக் கசக்கிக் கூடையில் போட்டார். பிறகு படிவத்தில் தான் எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். திருத்தங்களை அப்படித்தான் செய்ய வேண்டும் என்ற ப்ரொசீஜரை அவர் மதித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கீழே ‘தேர்வு செய்யப்பட்டார்’ என்று எழுதினார்.

இப்போது இத்தகைய தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேள்வித்தாள் கேட்டால் பத்தியில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் அறிவு, அனுபவம், ஊர், உறவு எல்லாவற்றையும் ஹாலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். வெளியே வரும்போது மறக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டாவது பாதியை ஜி.எம். உட்பட நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவுவரை போன மனிதர் தானாக நினைவு வந்து திரும்பினார்.

மறுநாளே ப்ரொசீஜரைத் திருத்தினேன். புதிய பிரிவு: ‘நேர்காணலின் முடிவில், கேட்கப்படாத ஏதேனும் தங்களுக்குத் தெரியுமா என்று ஊழியரைக் கேட்க வேண்டும்.’ ஜி.எம். ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எந்த நேர்காணலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்ததில்லை.