வேலிகாத்தான் காட்டைக் கீரைக்கொல்லை ஆக்கிய அக்கா

அக்கா இல்லாமல் ஒரு ஆடியும் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கடந்துவிட்டன. முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராகச் சுற்றிய என்னை எழுதச் சொன்னவள் அக்காவின் மகள் செல்வி. தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பட்டாபிராமில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குச் சென்றார். கோவில்பதாகையில் வாழ்க்கைப்பட்டார். செல்வி கைக்குழந்தையாக இருந்தபோதே மாமா காலமானார். காரியம் முடிந்ததும் அக்கா மறுபடி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

கம்பெனியை மூடியபோது அவருக்கு மிஞ்சியது ஏரிக்கரை ஓரத்து நிலம்தான். மாமாவும் அவர் அண்ணனும் பங்கு பிரிக்காமல் வைத்திருந்தது. பயிர் வைப்பதை விட்ட பிறகு வேலிகாத்தான் அதை மூடிவிட்டது. தெற்கே சீமைக்கருவேலம் என்பார்கள். நாய்கூட உள்ளே நுழையாது. மாமாவின் அண்ணனை நாங்கள் பெரிய மாமா என்போம். மனை போடுகிறவருக்கு விற்றுவிடலாம் என்றார் அவர். செல்வியின் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்ற நல்லெண்ணம்தான். அக்காவோ கீரை போட நினைத்தார். இனி இன்னொருவரிடம் கைகட்டி வேலைக்கு நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

"முள்ளுக் காட்ட வெச்சிகினு இன்னாம்மா பண்ணப்போற?"

"அடுத்த பொங்கலுக்குள்ள கீர அறுக்கலன்னா, நீங்க காட்ற எடத்துல கையெழுத்து போடறேன் மாமா."

நான் அப்போது ராமநாதபுரம் பக்கம், இதே முள்மரத்தை வெட்டிக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். எங்கே போனாய், ஏன் வந்தாய் என்று அக்கா கேட்கவில்லை. சோற்றைப் போட்டு, கடப்பாறை எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

முதலில் விறகுக்காரர்களை விட்டு வெட்டினோம். தரை தெரிந்தது. ஒரு மழை பெய்ததும் கட்டைக்குக் கட்டை ஐந்தாறு கொம்பு கிளம்பிவிட்டது. கரிமூட்டக்காரர்களுக்கு அது லாபம். மறுபடி வெட்டலாம் என்றே மேலாக வெட்டுவார்கள். கொல்லைக்கு அது ஆகாது. துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குள், வேரின் கழுத்தில் இருக்கின்றன. அதற்கும் கீழே தோண்டி அறுத்துவிட்டால், மிச்ச வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் தழைப்பதில்லை. அக்காவும் நானும் ஒவ்வொரு கட்டையாகத் தோண்டினோம். முள் குத்திய இடம் சீழ் பிடித்தால் அக்கா மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தார்.

சித்திரையில் நிலம் சுத்தமானது. எரு வேண்டுமே என்று, வற்றிக் கிடந்த ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தையை அழைத்து வந்து இரவுகளில் அங்கே அடைக்கச் சொன்னார் அக்கா. கிடை போடுவது நல்ல வழக்கம்தான், எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஆடுகள் பகலெல்லாம் தின்றது ஏரியில் உதிர்ந்து கிடந்த வேலிகாத்தான் காயை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காய் இனிப்பு. சதை செரித்துவிடும், விதை புழுக்கையோடு முழுசாக வெளியே வரும். வயிற்றில் ஊறியதால் முளைப்பதும் சுலபம். ஆடி மழையில், கிடை போட்ட இடமெல்லாம் முள்ளுக் கன்று.

பெரிய மாமா வந்து பார்த்தார். "ஆட்ட கூட்டியாந்து முள்ளு வெதச்சிகினியேம்மா" என்றார்.

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வெதச்சவளே புடுங்கிக்கறேன் மாமா."

அப்படியே செய்தார். விரல் உயரக் கன்று, மண் ஈரமாக இருக்கும்போது இழுத்தால் வேரோடு வந்துவிடும். விட்டுவிட்டால் மறுபடி கடப்பாறைதான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அக்கா சாக்கோடு போய்க் குந்திக்கொள்வார். அவரோடு கம்பெனியில் வேலை பார்த்த பெண்களும் வந்தார்கள். வரிசையாகக் குந்தியதைப் பார்த்து, "பேக்கிங் லைனு மாரியே கீதுக்கா, சூப்பர்வைசர்தான் இல்ல" என்றார் வசந்தா. அக்கா என்னைக் கைகாட்டினார். பிறகு நான் நின்றுகொண்டு பீடி பிடிக்க முடியவில்லை.

மார்கழியில் சிறுகீரை விதைத்தார். பொங்கலுக்கு முன் அறுத்த முதல் கீரைக்கட்டை அக்காவே பெரிய மாமா வீட்டுக்குக் கொண்டுபோய், கடைந்து பரிமாறினார். பெரிய மாமா சாப்பிட்டு முடித்து, உப்பு போதவில்லை என்றார். விற்கும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

ஆவடி மார்க்கெட்டில் கீரை விற்றே அக்கா செல்வியைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். கன்று பிடுங்குவது நிற்கவில்லை. விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். அதைப் பற்றி அலுத்துக்கொள்ளவும் மாட்டார். இன்று வீட்டைப் பெருக்கினால் மறுநாள் பெருக்க வேண்டாமா என்பார். நான் ஊர் சுற்றப் போய்விட்டு எப்போது வந்தாலும் அக்காவைக் கொல்லையில்தான் பார்க்க முடியும். கடைசியில் மூச்சுத் திணறல் வந்தது. அதிகம் கஷ்டப்படவில்லை. செல்வி பக்கத்தில் இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிச் சென்ற தெருப் பிள்ளைகளுக்கும், உடனிருந்து பார்த்துக்கொண்ட வசந்தாவுக்கும், காரியத்துக்குச் சமைத்துப் போட்ட கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. பெரிய மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காலையில் நல்ல மழை. பந்தி போட்டாயிற்று, அவரைக் காணவில்லை. தேடிப் போனால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் குந்தியிருந்தார். பக்கத்தில் பிடுங்கிய கன்றுகள் குவிந்திருந்தன. சாப்பிடக் கூப்பிட்டேன்.

"நீ போடா. ஈரம் காயறதுக்குள்ள இத முடிச்சிட்டு வரேன்."