தீவுக்குப் போன மஞ்சள் பஸ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கரிபியன் தீவுகளுக்குச் சாமான் அனுப்பும் கொம்பனி ஒன்றில், ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் வேலை செய்தேன். அரிசி, சவர்க்காரம், பிள்ளைகளின் சப்பாத்து என்று அடைத்த நீலப் பீப்பாக்கள்தான் அங்கே பெரும்பாலும் வரும். எந்தத் துறைமுகத்தில் என்ன வசதி உண்டென்று போனில் விசாரிப்பது என் பொறுப்பு.

ஒருநாள் ஒரு மனிதர் பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ரொறொன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சின்னத் தீவொன்றின் மலைக்கிராமம் அவருடைய ஊர். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்கி நடக்கிறார்களாம். திரும்பிப் போய் அவர்களுக்காக இந்த பஸ்ஸை ஓட்டப்போவதாகச் சொன்னார். அடுத்த கிழமைக் கப்பலிலேயே அனுப்ப வேண்டும் என்றார்.

எங்கள் ஸ்ரோரில் சாமான் ஏற்றுகிற அண்ணை பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தங்கச்சி, உது கொன்ரெய்னருக்குள்ள போகாது. அங்க இறக்கிறதுக்கு என்ன வைச்சிருக்கினமாம்?"

தீவின் துறைமுகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் பேசினாள். பேசியது ஆங்கிலம்தான், ஆனால் என் நினைவில் அது தமிழாகவே இருக்கிறது.

"கப்பலுக்கு நல்ல தண்ணி இருக்கு, வாழைக்குலை வைக்கக் குளிர் அறை இருக்கு, மழை படாத கொட்டகை இருக்கு," என்றாள் பெருமையாக. பிறகு குரல் தாழ்ந்தது. "கிரேன் மட்டும் புயலுக்குப் பிறகு வேலை செய்யேல்லை. சொந்தக் கிரேன் உள்ள கப்பல்தான் வரவேணும்."

அடுத்த கிழமைக் கப்பலில் கிரேன் இல்லை. அதில் ஏற்றியிருந்தால் பஸ் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கும். கிரேன் உள்ள கப்பலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதைச் சொன்னபோது அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடம் துவங்கிவிடுமே," என்றார். எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் காத்திருக்கச் சம்மதித்தார். பஸ் எங்கள் முற்றத்திலேயே நின்றது. சனிக்கிழமைகளில் வந்து என்ஜினை ஓடவிட்டு, சீற்றுகளைத் துடைத்துவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் துறைமுகப் பெண்ணோடு அடிக்கடி பேசினேன். "உங்கட ஊரிலயும் துறைமுகம் இருக்கோ?" என்று ஒருமுறை கேட்டாள். இருக்கிறது, சண்டையாலே சனம் அதற்குக் கிட்டப் போக முடியாது என்றேன். போனுக்குள்ளே கடற்காகங்களின் சத்தம் கேட்டது.

பஸ் கப்பலேறியது. அவரும் விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். பிறகு ஒருநாள் காலை துறைமுகப் பெண்ணே போன் எடுத்தாள்.

"இப்பதான் இறக்கினது. ஒரு கீறலும் இல்லை. அவர் உள்ளுக்க ஏறி இருக்கிறார், இறங்கமாட்டாராம். பொறும், யன்னலைத் திறக்கிறன்."

தூரத்தில் ஹோர்ன் நீளமாக ஒலித்தது. யாரோ ஒருவர் கைதட்டினார், பிறகு பலர். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. ஓடிப்போய் அண்ணையைக் கூட்டிவந்து ரிசீவரை அவர் காதில் வைத்தேன்.

கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓம், இறக்கிப்போட்டினம்," என்றார். கையுறையை மாட்டிக்கொண்டு பீப்பாக்களிடம் திரும்பிப் போனார்.