செசிலியம்மாவுக்கும் கேட்ட சத்தம்

செய்தி செல்போனில் எழுத்தாக வந்தது. செசிலியம்மாவின் மகள் அனுப்பியிருந்தாள். முன்பெல்லாம் இப்படி வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் போனை நீட்டிவிடுவேன். அன்று நானே படித்தேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். அதனால் சேதியும் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. ‘அம்மா’ உடனே புரிந்தது. ‘காலமானார்’ என்பதை முடிக்கச் சற்று நேரமானது. வேறு சொல்லாக இருக்கக்கூடாதா என்று மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன்.

திண்டுக்கல் மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்த அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தெளித்துச் சம்பங்கி மூட்டைக்குக் கனம் ஏற்றியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விடியுமுன் என் பழைய வேனில் சாணார்பட்டிப் பக்கத் தோட்டங்களுக்குப் போய், பூவோடு திரும்புவோம். என் பக்கத்து இருக்கை அவருடையது.

ஒரு மார்கழியில் வேன் சத்தம் போட ஆரம்பித்தது. காலிவண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து ‘கிரீச்’ என்று வரும். பூவை ஏற்றி, வெயிலும் வந்துவிட்டால் நின்றுவிடும். மெக்கானிக் செல்வத்திடம் கொண்டுபோனேன். அவன் வண்டியைப் பிடித்துக் குலுக்கினான். சத்தமே இல்லை.

“அண்ணே, வண்டி கம்முனு இருக்கு. ஒங்க காதைத்தான் சர்வீசுக்கு விடணும்.”

இதை என் மகனிடமும் சொல்லிவிட்டான். மகன் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “வயசாயிருச்சுப்பா. இல்லாத சத்தமெல்லாம் கேக்குது. பொங்கல் கழிச்சு வண்டிய வித்துருவோம்” என்றான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காது போனவன் ரோட்டில் வண்டி ஓட்டலாமா?

மறுநாள் வழியில் நிறுத்தி, செசிலியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கும் கேக்குது டிரைவரே” என்றார். அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பியது.

பிறகு, “என்ன சத்தம்னு எழுதி அந்தச் செல்வம் மூஞ்சில காட்டு” என்றார்.

“எனக்கு எழுதத் தெரியாதேம்மா.”

“கிரீச்சுக்கு மூணே எழுத்து. அதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? எறங்கு.”

பின்கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. அதில் விரலால் எழுதிக் காட்டினார். கீழே நானும் இழுத்தேன். விரல் விறைத்தது. என் ‘ச்’ தலையில் புள்ளி இல்லாமல் நின்றது. “தொப்பிய யாரு போடுறது?” என்று அதட்டினார். வைத்தேன். நான் வாழ்க்கையில் எழுதிய முதல் சொல் அது.

ஊர் திரும்புவதற்குள் வெயில் அதை அழித்துவிட்டது. அவர் விடவில்லை. நேரே பட்டறைக்குப் போனார். “ஏலே செல்வம், வெயில் ஏறினப்புறம் பட்டறையத் தொறந்துட்டு, குளிருல வர்ற சத்தத்தத் தேடுனா கெடைக்குமா? நாளைக்கி வெள்ளன வண்டில ஏறு.”

குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு செல்வம் வந்தான். பின்னால் வெறும் சாக்குகளின்மேல் உட்கார்ந்தான். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தமில்லை. அடுத்ததிலும் இல்லை. கண்ணாடியில் செல்வத்தின் சிரிப்புத் தெரிந்தது.

செசிலியம்மா திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார். “இவனே நாலு மூட்டைச் சம்பங்கி கனம் இருக்கான். எறக்கிவிடு டிரைவரே. நடந்து வரட்டும்.”

செல்வம் முனகிக்கொண்டே இறங்கி, பின்சக்கரத்தோடு குனிந்து நடந்தான். வேகத்தடையில் ஏற்றினேன். கிரீச்!

“வருதுண்ணே! வருதுண்ணே!” என்று நடுரோட்டில் கத்தினான். எங்களைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். பட்டை ஸ்பிரிங்கின் முனையில் இருந்த ரப்பர் வளையம், ‘புஷ்’ என்பார்கள், தேய்ந்திருந்தது. குளிரில் இறுகிச் சத்தம் போட்டது. வெயிலில் இளகியும், கனத்தில் அமுங்கியும் அடங்கிப்போனது. புதிது மாட்டினான். என் மகனுக்குப் போன் செய்து, “அப்பா காது சுத்தமா இருக்கு” என்றும் அவனே சொன்னான். வண்டி விற்கும் பேச்சு அதோடு போயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பின்கண்ணாடிதான் என் சிலேட். பங்குனியில் பனி நின்றது. “இனிமே பேப்பர் வாங்கு. கடவுள் எம்புட்டு நாள்தான் ஓசில கண்ணாடி நனைப்பார்?” என்றார். வாங்கினேன். இதையும் அப்படி ஒரு பேப்பரில்தான் எழுதுகிறேன்.

இப்போது அவர் மகள் தோட்டங்களுக்கு வருகிறாள், அதே இருக்கையில். நேற்று நல்ல குளிர். வேகத்தடையில் இறங்கியதும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மாமா, முன்னாடி டொக்குனு ஏதோ... எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

செசிலியம்மாவிடமிருந்து நான் எழுத்தைக் கற்றுக்கொண்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அவர் கொடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“எனக்கும் கேக்குதும்மா” என்றேன்.