மூன்று நிமிஷம் பிந்திய கம்பெனி

எங்கள் கம்பெனி டைம்கீப்பர் ராஜவேல் அண்ணன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். காலை எட்டரைக்குச் சைரன் ஊதும். அவர் கேட்டைச் சாத்துவார். நாலடி தூரத்தில் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாலும், "மணி ஆச்சுங்க" என்று ஒரே குரலில் சொல்லிக் கொக்கியைப் போடுவார். திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். மரியாதையாகக் கதவைச் சாத்துகிறவரை என்ன செய்வது?

நான் செய்தேன். எனக்குச் செக்கிங் டேபிளில் வேலை. பனியனில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தில் குட்டியாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு நாள் அவர் சட்டை முதுகில், தலையைக் காட்டுகிற மாதிரி ஒரு அம்பை ஒட்டிவிட்டேன். மத்தியானம் வரை அதோடுதான் சுற்றினார். கட்டிங் செக்‌ஷனே சிரித்தது. சாயங்காலம் என் டேபிளுக்கு வந்தார். அந்த ஸ்டிக்கரை மடங்காமல் உரித்து, மெழுகுத் தாளில் ஒட்டி எடுத்து வந்திருந்தார்.

"கம்பெனி சரக்குங்கண்ணு. வீணாக்கப்படாது."

அதற்கப்புறம் அந்த ஒரு ஸ்டிக்கரை எந்தப் பனியனிலும் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. டிபன் பைக்குள்ளேயே கிடந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ராஜவேல் அண்ணன் சென்னிமலைக்காரர். நெசவுக்காரர் வீடு. கிருத்திகை தவறாமல் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் எட்டே காலுக்குக் கேட்டில் நிற்பார். டிபன் பாக்ஸை ஒன்று ஏழுக்குத் திறப்பார். ஒன்று ஆறுக்கு ஏதாவது கேட்டால் பதில் வரும், ஒன்று எட்டுக்குக் கேட்டால் தலையாட்டல்தான். திங்கட்கிழமை ஆனால் சட்டைப்பை ரேடியோவைக் காதில் வைத்து, மணி சொல்லும் பீப் சத்தத்தைக் கேட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கேட்டில் மாட்டியிருக்கும் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவார். பஞ்சிங் மெஷின், சைரன், ஆபீஸ் சுவர்க் கடிகாரம் எல்லாம் அதைப் பார்த்து வைப்பதுதான். மனுஷன் எவ்வளவு சுத்தமாக நேரம் வைக்கிறார் என்று முதலாளிக்குப் பெருமை.

நாங்கள் ஏழு பேர் அவிநாசிபாளையத்திலிருந்து ஏழு நாற்பது பஸ்ஸில் வருகிறவர்கள். ஸ்டாப்பில் இறங்கி ஓடி, கொக்கி விழுவதற்குள் உள்ளே பாய்வதில் நான் கில்லாடி. பிசிறு வெட்டும் செல்லாத்தாள் அக்காவுக்கு முழங்கால் வலி. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடுவேன். நான் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட நாங்கள் வெளியே நின்றதில்லை. எல்லாம் என் கால் வேகம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர், ஆடிட்டர் வந்து பார்த்த பிறகுதான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். கையால் முள்ளைத் திருப்பி வைக்கிற நேரம் செல்லாதாம். எங்கள் மேனேஜர் ராபின் சார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், உடனே ஒரு பெட்டி வாங்கினார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக் காளான் மாதிரி ஒரு ஆன்டெனா. அதிலிருந்து ஒயர் இறங்கி டைம் ஆபீஸில் இருக்கும் பெட்டிக்கு வரும். மேலே சுற்றுகிற சேட்டிலைட்டுகளிடம் இடத்தையும் நேரத்தையும் கேட்டு வாங்குவது பெட்டியின் வேலை. கேட்டில் புதிதாக மாட்டிய சிவப்பு எழுத்துக் கடிகாரம், பஞ்சிங் மெஷின், சைரன் எல்லாம் இனிமேல் அதன் பேச்சைத்தான் கேட்கும். கூடவே புது உத்தரவு ஒன்று வந்தது. எட்டரைக்கு மேல் வந்தால் ஒரு மணி வரை வெளியே நிற்க வேண்டும். மாதத்தில் மூன்றாவது தடவை ஆனால் பேரை எடுத்துவிடுவார்கள்.

பெட்டியை மாட்ட வந்த கோயமுத்தூர்க்காரர் பாதியில் கரண்ட் போனதும், "மீதிய கம்ப்யூட்டர்ல பிரவுசரைத் திறந்து நீங்களே போட்டுக்கலாம் சார்" என்று ஒரு துண்டுச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை. கேட்டுக் கடிகாரத்தில் மணி மூன்று. சைரன் ஊதவேயில்லை. ராஜவேல் அண்ணன் பஞ்சிங் மெஷின் முன்னால் இடி விழுந்தவர் மாதிரி நின்றார்.

"நானூறு பேரும் விடியக்காலம் மூணு மணிக்கு வேலைக்கு வந்திருக்கறாங்க."

ராபின் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குக் காரணம் உண்டு. போன மாதம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மவுஸ் அம்புக்குப் பதிலாக வாழைப்பழம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் நான் கற்றுக்கொண்ட வித்தை அது.

"ஏ புள்ள, வாழப்பழம் வரவச்சவ நீதான? இதையும் கொஞ்சம் பாரு."

பத்தாவதில் கணக்கில் கவிழ்ந்தவளுக்கு ஆபீஸ் நாற்காலி. பிரவுசரைத் திறந்து, மேலே விலாசம் அடிக்கிற கட்டத்தில், சீட்டில் இருந்த எண்களைப் புள்ளி புள்ளியாக அடித்தேன். இணையம் எல்லாம் வேண்டாம், பெட்டியே ஒரு பக்கத்தை வைத்திருக்கிறது. பேர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. ராஜவேல் அண்ணன் சீட்டைப் பார்த்து ஹாஜர் எடுக்கிற குரலில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பக்கம் திறந்தது. தெரிகிற சேட்டிலைட் ஒன்பது. நாம் இருக்கும் இடம் வடக்கே 11.10, கிழக்கே 77.34. கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரம் என்பதுகூட இருந்தது. அடியில் இரண்டு கட்டம். உலகப் பொது நேரத்தோடு எத்தனை மணி, எத்தனை நிமிஷம் கூட்ட வேண்டும் என்று அங்கே போட வேண்டும். இரண்டிலும் பூஜ்யம். பெட்டி இன்னும் லண்டன் பக்கமே நின்றுகொண்டிருந்தது. ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் முப்பது போட்டு அப்ளையை அமுக்கினேன். கேட்டுக் கடிகாரம் ஒரு தாவு தாவி இந்தியாவுக்கு வந்தது.

"சரியா இருக்குதுங்களாண்ணா?"

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரொம்பச் சரியா இருக்குதுங்கண்ணு" என்றார். இழவு சொல்லுகிற குரல்.

புதன்கிழமை காலை, நாங்கள் பஸ்ஸில் இருக்கும்போதே சைரன் ஊதிவிட்டது. இறங்கி ஓடினோம். கொக்கி விழுந்திருந்தது.

"ஏனுங்க ராஜவேலு, பஸ்ஸு எப்பவும் வர்ற நேரத்துக்குத்தானுங்க வந்துது" என்றாள் செல்லாத்தாள் அக்கா.

"மணி ஆச்சுங்க" என்றார் அவர். எப்போதும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர், அன்றைக்குத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

எதிரே புங்கமரத்தடியில் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். கேட்டுக்குத் திரும்பும்போது எங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றது. கண்டக்டரிடம் கேட்டேன். "தெனமும் எட்டு முப்பத்தொண்ணுக்குத்தான் தங்கச்சி உங்கள எறக்கி உடறேன்" என்றார். கேட்டுக்கு ஓடிவர ஒரு நிமிஷம். அப்படியானால் தினமும் நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தது எட்டு முப்பத்திரண்டுக்கு. எட்டரைக்குச் சாத்துகிற கேட்டில் ஒன்றரை வருஷம் எப்படி நுழைந்தேன்? வீட்டுக் கடிகாரம் மூன்று நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அது சரியாகத்தான் ஓடியிருக்கிறது. திங்கட்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறினவர், முள்ளைச் சரியாக வைக்கவில்லை. சரியாக மூன்று நிமிஷம் தப்பாக வைத்திருக்கிறார்.

என் கால் வேகமெல்லாம் அவ்வளவுதான். குறும்பு செய்து பல தடவை மாட்டியிருக்கிறேன். உருப்படியாக ஒரு வேலை செய்து மாட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானம் ராஜவேல் அண்ணன் ராபின் சாரிடம் பேசியது ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"தப்பு பஸ்ஸோடதுங்க. பஸ்ஸுக்கு ஆப்சென்ட் போடறதுக்கு நம்மகிட்ட கார்டு இல்லீங்க. இவங்களுக்குப் போடறது எப்படீங்க நாயம்?"

"அண்ணாச்சி, ஆடிட் முடியட்டும். அதுவர ஒரு நிமிசங்கூட ஏலாது. முந்தின பஸ்ஸுல வரச் சொல்லுங்க."

முந்தின பஸ் ஆறு பத்துக்கு. படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷனைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறவள் செல்லாத்தாள் அக்கா. காலையில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பக்கத்து வீட்டுக்காரியே ஏழுக்கு மேல்தான் வருவாள்.

வியாழக்கிழமையும் வெளியே நின்றோம். இரண்டு தடவை ஆயிற்று. புங்கமரத்தடியில் அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வேறு எந்தக் கம்பெனியில் முழங்கால் வலிக்காரியைச் சேர்ப்பார்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

நாலு மணி டீ நேரத்தில் ராஜவேல் அண்ணன் செக்கிங் டேபிளுக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, அந்தக் கட்டத்துல முப்பதுதான் போடோணும்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

டைம் ஆபீஸில் பக்கத்தைத் திறந்துகொண்டே கேட்டேன். "எத்தன வருசமாங்ணா மூணு நிமிசம் பின்னால வெச்சிருந்தீங்க?"

"செல்லாத்தா சேந்ததுல இருந்துங்கண்ணு. ஒம்பது வருசம் ஆகுது."

"அதுக்கு நேராக் கேட்டத் தொறந்தே உட்ருக்கலாமில்லீங்?"

அவர் முகம் சுருங்கியது. "லேட்டா வந்தவீங்கள உள்ள உட்டா அது தப்புங்கண்ணு. நான் ஒருத்தரக்கூட உட்டதில்ல." சைரன் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "சாயங்காலச் சைரனும் மூணு நிமிசம் கழிச்சுத்தான ஊதும். காலைல வாங்குனதச் சாயங்காலம் திருப்பிக் குடுத்தாச்சுங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக அந்த மனுஷன் விதியைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் தொட்டிருக்கிறார்.

முப்பதை அழித்து இருபத்தேழு போட்டேன். பெட்டி முனகாமல் வாங்கிக்கொண்டது. அப்ளைக்குப் போகும்போது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்கண்ணு. முள்ளத் திருப்பறது என்னோட கைவேல. இது சேட்டிலைட்டு சொல்றதாச்சே. இதுல மாத்துனா பொய்யாயிராதுங்களா?"

பள்ளிக்கூடத்தில் என் மண்டைக்குள் ஏறியதே ஒரே ஒரு விஷயம்தான். ஒரு டிகிரி மேற்கே போனால் வெயில் நாலு நிமிஷம் பிந்தும். இந்தியா முழுவதற்கும் மணி பார்க்கிற கோடு எங்கோ கிழக்கே எண்பத்திரண்டரை டிகிரியில் போகிறது. திரையில் நாம் இருக்கும் இடம் 77.34 என்று சேட்டிலைட்டே சொல்லியிருந்தது. அதைக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்துப் பழைய பஞ்சிங் கார்டின் பின்பக்கம் கழித்துப் பெருக்கினார். இருபது நிமிஷம் முப்பத்தெட்டு விநாடி. அடியில் இரண்டு கோடு போட்டார்.

"அப்ப நம்மூருக்கு வெயிலே இருவது நிமிசம் லேட்டாத்தான் வருதுங்களா?"

"ஆமாங்ணா. வெயில யாரும் கேட்டுக்கு வெளிய நிறுத்தறதில்ல. நாம கேக்கறது மூணே மூணு நிமிசம்."

அவர் கார்டைச் சட்டைப்பையில் வைத்தார். என்னை நகரச் சொல்லி, கைநாட்டு வைக்கிற மாதிரி ஒற்றை விரலால் மவுஸை அமுக்கினார். கேட்டுக் கடிகாரம் மூன்று நிமிஷம் பின்னால் போனது. ஒன்பது சேட்டிலைட்டும் அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் ஓடி வந்தபோது கேட் திறந்திருந்தது. செல்லாத்தாள் அக்கா நுழைந்த பிறகுதான் சைரன் ஊதியது. ராபின் சார் அங்கேதான் நின்றார். தன் வாட்சைப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் அக்காவைப் பார்த்தார்.

"சேட்டிலைட்ட விட என் வாட்ச் என்ன பெருசா?" என்று வாட்ச் சாவியைத் திருகிக்கொண்டே போய்விட்டார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஆடிட்டர் வந்தார். கேட்டில் நுழைந்ததும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"மூணு நிமிஷம் ஸ்லோவா இருக்கே?"

ராஜவேல் அண்ணனுக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "சேட்டிலைட்டுப் பொட்டி இருக்குதுங்க. இந்தப் புள்ள காட்டுமுங்க."

அவர்கள் வருவதற்குள் டைம் ஆபீஸுக்கு ஓடினேன். பக்கத்தைத் திறந்தேன். டிபன் பையிலிருந்து அந்தச் சிவப்பு அம்பை எடுத்துத் திரைமேல் ஒட்டினேன். அதன் முனை ஒன்பது என்ற எண்ணைக் காட்டியது. வால் இருபத்தேழின் மேல் படுத்துக்கொண்டது.

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். "ஒன்பது சேட்டிலைட்டா!" என்றார். ஃபைலில் டிக் அடித்தார். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். தன் வாட்சைக் கழற்றி மூன்று நிமிஷம் பின்னால் திருப்பி வைத்துக் கட்டிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க வாய்க்குள் துப்பட்டாவைத் திணிக்க வேண்டியிருந்தது. ராஜவேல் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு ரயிலு எத்தன மணிக்குங்க?"

ஆடிட்டர் சொன்ன நேரத்தை அண்ணன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஆடிட்டர் டீயைப் பாதி குடித்திருக்கும்போதே காரை வாசலுக்கு வரவழைத்துவிட்டார். "இன்னும் டைம் இருக்கே" என்றார் ஆடிட்டர். "ரோட்டுல நெரிசலுங்க, கெளம்பீருங்க" என்று பையைத் தானே தூக்கி வைத்தார். கார் போன பிறகும் டைம் ஆபீஸ் போன் பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங்ணா, ரயில உட்டாத்தான் என்னங்? ஒரு கூத்து பாத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"நம்ம பொட்டிய நம்பித் திருப்பி வெச்சாருங்கண்ணு. அவுரு மூணு நிமிசத்துக்கு நாமதான் பொறுப்பு."

போன் அடித்தது. டிரைவர். ராஜவேல் அண்ணன் கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

"வண்டி கெளம்ப ஏழு நிமிசம் இருக்கறப்பவே ஏறிட்டாராமா."

ஒரு நொடி அவர் சிரித்த மாதிரி இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"மணி ஆச்சுங்க" என்றார். "டேபிளுக்குப் போங்க."