யாரிடமிருந்து யாருக்கு

“ஆகஸ்ட் 1978, முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. இருமல் இன்றும் விடவில்லை. புத்தகத் தூசியாக இருக்கலாம்.”

என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை. காசநோயோடு இருப்பவர்களும், குணமாகி வீடு திரும்பிய பிறகும் மனம் மட்டும் வந்துசேராமல் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். என்னைப்போல் தூசியின் மேல் பழி போடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்துவது என் வேலை. வீடு காளவாசலில். ஓய்வு நேரத்தில் எங்கள் சபையின் வரலாற்றைத் தொகுத்துவந்தேன். எந்தப் போதகர் எந்த ஆண்டு வந்தார், கோயில் மணி எப்போது மாற்றப்பட்டது என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். கிறிஸ்தவனாக இருப்பது என்றால் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது என்றே அப்போது நம்பினேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியில் வரிசையாக முழங்கால் போடுவோம். போதகர் திராட்சரசம் உள்ள ஒரே வெள்ளிப் பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைப்பார். விளிம்பைத் துணியால் துடைத்து, சற்றுத் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார்.

நாட்குறிப்பில் உள்ள அந்த ஆகஸ்ட் ஞாயிறு காலையில் என் மனைவி கிரேஸ் சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“இம்புட்டு இருமலோட பாத்திரத்துல வாய் வைக்கணுமா? இந்த மாசம் மட்டும் விடுங்களேன்.”

“ஆரம்பத்துலருந்து ஒரே பாத்திரம்தான். யாருக்காவது நோய் வந்ததா ஒரு குறிப்பு உண்டா?”

“நல்லா இருக்கவுகதான குறிப்பு எழுதுவாக. நோய் வந்தவுக எங்க எழுதுறது?”

சிரித்துவிட்டுப் போனேன். கிராதியில் எனக்கு அடுத்த இடத்தில் வழக்கம்போல் கிரேஸின் அண்ணன் தர்மராஜ் மச்சான். காளவாசலில் மரக்கடை வைத்திருந்தார். பாடகர் குழுவுக்கு அவருடைய அடிக்குரல்தான் அஸ்திவாரம். எனக்குக் குரல் கிடையாது. ஆனாலும் பாட்டுப் பயிற்சிக்கு அவரோடு போய், அவருடைய பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்வேன், அவர் பாடுவார்.

அக்டோபரில் சளியில் ரத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் குழி (நோய் அரித்து உண்டாக்கிய வெற்றிடம்) தெரிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்பில் போடும் காசநோய் ஊசி), கூடவே மாத்திரைகள். அடுத்த கட்டிலில் கீழக்குயில்குடிக்காரர் ஒருவர், விவசாயி. என் தலைமாட்டில் வேதப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க வேதக்காரவுகளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்ப இது எதுக்கு நமக்கு வந்துச்சுன்னு அதுல போட்டிருக்கா?”

எத்தனையோ பதில்கள் படித்திருந்தேன். “போட்டிருந்தாலும் எனக்கு விளங்கலண்ணே” என்றேன். “சரி, விடுங்க. விளங்குனா சொல்லுங்க” என்று திரும்பிப் படுத்தார். அவர் எனக்கு முன்பே குணமாகி வீட்டுக்குப் போனார். நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

சில மாதங்களில் வேறொன்று தொடங்கியது. நடக்கும்போது தரை நழுவியது. கண்ணை மூடினால் விழப்போனேன். காதுக்குள் உடம்பை நிதானமாக நிறுத்தும் நுண்ணிய உறுப்பு ஒன்று உண்டு என்றும், இந்த ஊசி சிலருக்கு அதைக் கெடுக்கும் என்றும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கினார். ஊசியை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். தலைசுற்றலைப் பலவீனம் என்று எண்ணி நான் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் உடனே சொல்லிவிடுங்கள்.

1979 நடுவில் சளியில் கிருமி இல்லையென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைகளை மட்டும் தொடரச் சொன்னார்கள். கிரேஸுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒன்றுமில்லை.

அதே ஆண்டின் கடைசியில் தர்மராஜ் மச்சான் மரக்கடையில் ரத்தம் துப்பினார். அவருக்கு மருந்து மட்டும் போதவில்லை. இடது நுரையீரலில் ஒரு பாகத்தை அறுத்து எடுத்தார்கள்.

அன்றிலிருந்து நான் நாட்குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினேன். எனக்கு இருமல் எந்த வாரம் தொடங்கியது, எத்தனை திருவிருந்துகளில் அவர் என் வலப்பக்கம் இருந்தார், எந்தப் பாட்டுப் பயிற்சியில் அவருடைய புத்தகத்தின் மேல் இருமினேன். எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பாதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பாத்திரத்தை விடுங்க சார். இது பெரும்பாலும் காத்துல வர்ற நோய்.”

“பக்கத்துல நின்னு இருமியிருக்கேனே, டாக்டர்.”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உங்க வீட்டம்மா ஒரே வீட்டுல இருந்தாங்க, அவங்களுக்கு வரல. யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த எக்ஸ்ரேலயும் தெரியாது. மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறீங்களா, அதச் சொல்லுங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் உன்னால்தான் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க ஒரு குற்றமாவது கையில் இருந்திருக்கும்.

அறுவைக்குப் பிறகு மச்சானைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு மூச்சோடு சேர்ந்து வந்தது.

“என்கிட்டருந்துதான் வந்திருக்கும் மச்சான்” என்றேன்.

“எம்புட்டுப் பெருமை பாருங்க உங்களுக்கு! மதுரையில இருமுறது நீங்க ஒருத்தர்தானா? டவுன் பஸ்ல ஏறிப் பாருங்க மாப்ள, கண்டக்டரு விசில விட இருமல் சத்தந்தான் பெருசு.”

சிரிக்கப்போய் வலியில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, “பாட்டுதான் போச்சு” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் திருவிருந்து எடுக்கவில்லை. ஆராதனைக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் கிராதிக்கு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கிருமி இல்லை, தாராளமாகப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் பயந்தது கிருமிக்கு அல்ல. ஒருவருடைய குரலைப் பறித்தவனா இல்லையா என்பதே தெரியாமல் எந்த முகத்தோடு அங்கே முழங்கால் போடுவது? தெரிந்துகொண்ட பிறகு போவோம் என்று தள்ளிப்போட்டேன். அந்த நாள் வராது என்பது புரியப்புரிய, நான் இனி கிறிஸ்தவன்தானா என்ற சந்தேகமும் வந்தது. சபையில் சிலர் நான் விசுவாசத்தில் பின்வாங்கிப்போனதாகப் பேசினார்கள். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

1980 செப்டம்பர், முதல் ஞாயிறு. மச்சான் நோய்க்குப் பின் முதல்முறையாகக் கோயிலுக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. பாடகர் குழுவின் இடத்துக்குப் போகாமல் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

“என்ன மாப்ள, இங்கயே குடித்தனம் வச்சிட்டீகளா? கிரேஸ் சொன்னா.”

“இங்கதான் காத்து வருது மச்சான்.”

“நமக்கு வம்பே காத்தாலதான். தள்ளி உக்காருங்க.”

ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து கண்களை மூடினார்கள். பழக்கத்தில் நானும் மூடிவிட்டேன். தரை போய்விட்டது. விழுவதற்குள் ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது. ஜெபம் முடியும்வரை விடவில்லை. அவருக்கு மூச்சு வாங்கும் சத்தம் என் காதருகே கேட்டது. அந்த மூச்சைத்தான் நான் கெடுத்தேனோ என்று நினைத்தபடி, அந்தக் கையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வரிசை நகரத் தொடங்கியதும், “வாங்க” என்றார்.

“நான் வரல மச்சான்.”

“ஏன்?”

“உங்களுக்கு யாரால வந்துச்சுன்னு தெரியாம நான் எப்படி வர்றது?”

முன்பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாருங்க. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கீழக்குயில்குடி மலைக்குப் போனோமே, அன்னைக்கே நான் இருமிக்கிட்டுத்தான் ஏறுனேன். அது உங்களுக்கு வர்றதுக்கு முந்தி. அப்ப நான்தான உங்களுக்குக் குடுத்தது? இப்ப நான் இங்க உக்காரணுமா, நீங்க உக்காரணுமா? படிச்சவுக, சொல்லுங்க.”

பதில் இல்லாமலே எழுந்தேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் அப்படி எழுந்ததாக நினைவில்லை.

கிராதியில் நான் வலது ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். பாத்திரம் இடமிருந்து வரும்; அவர் குடித்த பிறகு எனக்கு வரட்டும் என்று எண்ணினேன். அவர் என் தோளைப் பிடித்துத் தன் இடப்பக்கம் நகர்த்தினார். பாத்திரம் முதலில் எனக்கு வந்தது. போதகர் விளிம்பைத் துடைத்தார், திருப்பினார், மச்சானின் உதட்டில் வைத்தார். அவர் குடித்தார்.

குற்றவுணர்வு அன்றோடு தீர்ந்தது என்று நான் எழுதினால் அது பொய். கோயிலில் அவர் உதட்டை மட்டும் அசைக்கும் ஒவ்வொரு பாட்டின்போதும் அது திரும்ப வருகிறது. ஆனால் இப்போது அதோடுகூடவே முன்னால் போய் முழங்கால் போடுகிறேன். வேதக்காரரா என்று யாரேனும் கேட்டால் ஆமாம் என்கிறேன். அதற்கு மேல் கேட்டால், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்கிறேன்.

ஊசி கெடுத்த நிதானம் முழுதாகத் திரும்பவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று கண்தான் எனக்குச் சொல்லவேண்டும். அதனால் எல்லோரும் கண்மூடும்போது முன்பெஞ்சின் முதுகையோ மச்சானின் கையையோ பிடித்துக்கொள்கிறேன். முன்பு எனக்குக் காலம் என்பது ஆண்டுகளாக, பின்னால் அடுக்கி வைத்த ஒன்றாக இருந்தது. இப்போது அது ஒரு முதல் ஞாயிற்றிலிருந்து அடுத்த முதல் ஞாயிறு வரை நீள்கிறது.

இதை எழுதும் 1984 வரை ஒரு செய்தி மட்டும் சரிபார்க்கப்படவில்லை. கீழக்குயில்குடி மலைக்குப் போனது 1978 மே மாதம். அன்றைய குறிப்பில் சமணர் படுக்கைகளைப் பற்றியும், பிள்ளைகள் தாமரைக் குளத்தில் இறங்கி வாங்கிய திட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். மச்சான் இருமியதாக ஒரு வரியும் இல்லை. கிரேஸுக்கு நினைவில்லை. மச்சானின் மனைவி, “இருமலா? மலை உச்சி வரைக்கும் பாடிக்கிட்டுல்ல வந்தாரு” என்கிறார். மச்சான் மட்டும் இன்றுவரை, இருமினேன் என்றே சொல்கிறார்.