எதிர்த்திசையில் நடந்த நாலு பேர்

கடந்த ஆடிப் பௌர்ணமியன்று பிற்பகல் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கிரிவலக் கூட்டத்தில் வண்டி உள்ளே வராது, காஞ்சி சாலை முனைவரைதான் வர முடியும் என்றார்கள். பிள்ளைகள் இருவரும் சென்னையில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று மட்டும்தான் கேட்டேன். நீட்டி முழக்கி ஜெபிக்க எங்கே நேரம்?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் எஸ்தர். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்திலேயே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கேட்டைத் திறந்து வைப்பேன். நடக்கிறவர்களுக்குச் சோறு போட வழியெல்லாம் ஆள் இருக்கிறார்கள். பெண்களுக்கு பாத்ரூம் கொடுக்கத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது, தொட்டியில் தண்ணீரும் இருக்கிறது. அப்புறம் என்ன? சபையில் ஒரு அக்கா, "அவங்க சாமிக்குப் போறவங்க, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார். "சாமி வேற வேறயா இருக்கலாம்க்கா, அவசரம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றேன். சிரித்துவிட்டார்.

அன்றும் பின்பக்கம் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கேட்டுக்கு வெளியே அவர்கள் வீட்டு ஆண்கள் நாலு பேர், நெற்றி நிறையத் திருநீறு, வெறுங்கால். என் அழுகையைக் கேட்டு உள்ளே ஓடி வந்தார்கள்.

"அக்கா, சேர் இருக்குதா? ஒக்கார வெச்சே தூக்கிடலாம்" என்றார் மூத்தவர்.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காஞ்சி சாலை முனை அவர்கள் நடந்து வந்த பக்கம். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறவர்கள் யாரும் வந்த வழியே திரும்பமாட்டார்கள். வேண்டுதலோடு வந்தவர்களை எப்படிக் கேட்பது?

"தம்பி, நீங்க வந்த வழியே திரும்பிப் போவணுமே."

அவர் மலையை ஒரு தடவை பார்த்தார். "மலை எங்கயும் போயிடாதுக்கா. மொதல்ல அண்ணனப் பாக்கலாம்."

நாற்காலிக்கு நாலு மூலையிலும் நாலு பேர். எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்து, "அரோகரா, வழி விடுங்க" என்று குரல் கொடுத்தார்கள். ஜனம் விலகியது. பின்னாலேயே நான் "இயேசுவே, இயேசுவே" என்று ஓடினேன். நாலு பேர் தூக்கினால் கடைசிப் பயணம் என்பார்கள். என் வீட்டுக்காரரைப் பிழைக்க வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார் டாக்டர். அடைப்பை எடுத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த பௌர்ணமிக்கு அந்த நாலு பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர் தானே நடந்து போய் அவர்களை வரவேற்றார்.

"அன்னிக்கு சுத்தி முடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, பாதியில திரும்பினா கணக்குல சேராது. இன்னிக்குத்தான் மொதல்லேருந்து வர்றோம்" என்றார் மூத்தவர், ஒன்றுமே நடக்காத மாதிரி.

இப்போது நாங்கள் இருவரும் அவர்கள் பேர் சொல்லித் தினமும் ஜெபிக்கிறோம். மனது நிறைவாக இருக்கிறது.

பிரியமானவர்களே, ஆபத்தில் கூப்பிடுங்கள், அவர் கேட்பார். யார் கையால் உதவி அனுப்புவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு தேவையோடு வருகிறவர்களிடம் எந்தச் சபை என்று விசாரிக்காதீர்கள். என் வாசலில் சிலுவை தொங்குகிறது. அதன் கீழே குனிந்துதான் அந்த நாலு பேரும் என் வீட்டுக்காரரைத் தூக்கினார்கள்.